அண்ணருக்கு உங்கள்மேல் என்ன குறை?

திருகோணமலை நகரத்தில் அலுவலகமொன்றில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நீளம். சாரத்தை அவருடைய சொற்களிலேயே வைக்கிறேன்:

"அண்ணரோட மூன்று வருசமாக் கதை பேச்சு இல்லை. அம்மா சாகிறதுக்கு முதல் வீட்டை என்ர பேரில உறுதி முடிச்சவ. முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க அண்ணர் என்னைக் கள்ளி எண்டு சொன்னவர். அவர் கட்டாரில இருந்து அனுப்பின காசிலதான் வீட்டுக்கு ஓடு போட்டது, பின் அறை ரெண்டும் கட்டினது, உண்மைதான், ஆனா அது அவர் அம்மாவுக்குக் குடுத்தது. இப்ப ஞாயிறுப் பூசையில சமாதானம் சொல்லேக்க மற்றப் பக்கம் திரும்புறார். நான் மன்னிக்கத்தான் பாக்கிறன், ஏலாமக் கிடக்கு. அவற்ற மனம் மாறவேணுமெண்டு பாலையூற்று மாதாவுக்குப் பெரிய நேர்த்தி ஒண்டு வச்சிருக்கிறன். என்ர அவர் சைவம். மாமியோடயும் சின்னச் சின்ன உரசல். கோயில்ல இருக்கிற விசுவாசம் வீட்டு வாசலோட நிண்டுபோகுது. என்ன செய்ய?"

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் அண்ணர் உங்களுக்குச் செய்த கதை. சனத்துக்கு முன்னால் சொன்ன அந்தச் சொல்லும், கோயிலில் திரும்பிக்கொள்ளும் முகமும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நடுவில், போகிற போக்கில், ஓட்டைப் பற்றியும் பின் அறைகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "உண்மைதான், ஆனா" என்று வருகிறதே, அது. அந்த "ஆனா"வுக்கு முந்திய துண்டில்தான் நீங்கள் கேட்டதற்கான பதில் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

என் அம்மா மெதடிஸ்த சபை, அப்பா கத்தோலிக்கர். எங்கள் வீட்டு அலுமாரியில் இரண்டு வேதாகமமும் இருந்தன. அம்மாவின் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 5:23-24 இப்படி வரும்: "ஆகையால், நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." நாங்கள் பூசையில் கேட்பதில் "குறை" இருக்கிற இடத்தில் "மனத்தாங்கல்" என்று இருக்கும். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். மனம் தாங்கி நிற்பது. நொண்டுகிறவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பது போல.

இருபத்தைந்து வருடம் மறைக்கல்வி படிப்பித்தேன். முதல்நன்மைக்கு, அதாவது முதன்முதல் நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்தம் செய்யும் பிள்ளைகளிடம் இந்த வசனத்தை வாசித்துவிட்டு, "என்ன சொல்லுது?" என்று கேட்டால் எல்லா வருடமும் ஒரே பதில்தான்: "ஆரோடயும் கோபமெண்டா மன்னிச்சிட்டுத்தான் நன்மை எடுக்க வேணும், சேர்." பெற்றோரைக் கேட்டாலும் அதுதான். திரும்ப வாசியுங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே எழுதியில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானதா, அவன் பிறகு உன்னை என்ன சொன்னான் என்ற விசாரணை ஒன்றும் இல்லை. நினைவு வந்தது, எழும்பிப் போ, அவ்வளவுதான்.

நாங்கள் இதைத் தலைகீழாகப் படித்துவைத்திருக்கிறோம். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் நின்று மற்றவன் எங்களுக்கு வைத்த கடன்களை எண்ணிப் பார்த்து, அவற்றை மன்னிக்க முயன்று, முடியாமல் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறோம். நாங்கள் வைத்த கடன் எண்ணப்படாமலே கிடக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். மலைப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடந்து போக மூன்று நான்கு நாள் ஆகும் தூரம். நேர்ச்சைக்குக் கொண்டுபோன ஆட்டையோ புறாவையோ அங்கேயே விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி, அண்ணன் தம்பியோடு பேசி முடித்து, மறுபடி நடந்து வரவேண்டும். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய், கூடாரம் அடித்து, சமையல் சாமான் இறக்கி, மெழுகுதிரியைக் கையில் எடுத்து மாதா சுருபத்துக்கு முன்னால் நிற்கும்போது, திருகோணமலையில் அண்ணரின் முகம் நினைவுக்கு வருகிறது. மெழுகுதிரியைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறு என்கிறார் ஆண்டவர். வவுனியாவில் இறங்கி மற்ற பஸ் பிடி. திருவிழா போனால் போகட்டும்.

ஆதித் திருச்சபை இதைச் சும்மா விளையாட்டுக்கு எடுக்கவில்லை. முதல் நூற்றாண்டின் முடிவை ஒட்டி எழுந்ததாகச் சொல்லப்படும் 'திதாக்கே' என்ற சிறிய கைநூல் ஒன்று இருக்கிறது. அதன் 14ஆம் அதிகாரத்தில், தோழனோடு பிணக்கு உள்ளவன் சமாதானமாகும்வரை உங்களோடு கூடிவர வேண்டாம், உங்கள் பலி தீட்டுப்படாதிருக்கட்டும் என்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீனு விவரிக்கும் வழிபாட்டில் சமாதான முத்தம் அப்பமும் இரசமும் கொண்டுவருவதற்கு முன்பாகவே வந்துவிடுகிறது. எங்கள் உரோமை வழிபாட்டில் அது நன்மைக்குச் சற்று முன்னால் வருகிறது, அதையும் நாங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு அவசரமாக ஒரு கும்பிடாக்கிவிட்டோம். அண்ணர் மற்றப் பக்கம் திரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு விதத்தில் அவர் உங்களைவிட உண்மையாக நடக்கிறாரோ என்னவோ. இல்லாத சமாதானத்தைச் சொல்ல அவருக்கு வரவில்லை. (இதற்காக நீங்கள் நன்மை எடுக்காமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியோடு, அதாவது பங்குக் குருவோடு, கதையுங்கள், அது என் வேலை இல்லை.)

இப்போது அந்த நேர்த்தி. எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, "பெரிய" என்று மட்டும் சொன்னீர்கள். மாற்கு 7இல் ஆண்டவர் கொர்பான் வழக்கத்தைப் பற்றிச் சொல்வதை எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை, "இது கடவுளுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டால் போதும், பிறகு அவர்களுக்குக் கொடுக்கத் தேவையில்லை என்றொரு ஏற்பாடு அன்று இருந்தது. அவருக்கு அதில் வந்த கோபம் சிறிய கோபம் இல்லை. அண்ணருக்குச் சேரவேண்டிய கணக்கு ஒன்று நிலுவையில் இருக்கையில், அதே அண்ணரின் மனம் மாறவேண்டும் என்று மாதாவுக்குக் காசு கொடுப்பது எனக்குக் கொர்பானுக்குப் பக்கத்து வீடாகத் தெரிகிறது. பயப்படாதீர்கள், நேர்த்தியை மீறினால் மாதா கோபிப்பா என்று ஒன்றும் இல்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1197ஆம் இலக்கம், தனிப்பட்ட நேர்ச்சையைச் செய்தவரே அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நன்மையாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. மனம் கேட்காவிட்டால் சுவாமியிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். திருக்கடலூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பாவுக்குச் சொந்தமாக வலை இல்லை. சம்மாட்டியின் கரைவலையில் பங்குக்கு இழுத்தவர். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தம்பிக்கு நிவாரணமாக ஒரு பைபர் படகு கிடைத்தது. எஞ்சின் கிடைக்கவில்லை. நான் கடன் எடுத்து 15 குதிரைவலு எஞ்சின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் தருவதாகப் பேச்சு. 2006இல் மாவிலாற்று அணைப் பிரச்சினையோடு போர் திரும்பி வந்தது. கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, பாஸ். அவன் எங்கே உழைப்பான்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சம்பளத்தில் ஒவ்வொரு மாதமும் கடன் வெட்டுப்படும்போது வயிறு எரிந்தது. ஒருநாள் அவன் மனைவிக்கு முன்னால் கேட்டுவிட்டேன். அவனும் பதிலுக்கு ஏதோ சொன்னான். இரண்டு வருடம் பேச்சு நின்றது. நான்தான் மன்னிக்கவேண்டியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவக்காலம் தோறும் முயற்சியும் செய்தேன், நம்புங்கள்.

அந்த வருடமும் வகுப்பில் இந்த வசனம் வந்தது. "சேர், உங்களுக்கு ஆரோடயும் கோபமா?" என்று கேட்டது ஒரு பெடியன். இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இரவு படுக்கையில்தான் "உன்பேரில் அவனுக்கு" என்ற சொல் உள்ளே இறங்கியது. அவனுக்கு என்மேல் என்ன இருக்கும்? யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போன வருடம், அப்பாவின் முதுகு விழுந்துபோய், எட்டாம் வகுப்பு முடிக்காமலே வலை இழுக்க இறங்கியவன் அவன். என் முதல் இரண்டு வெள்ளைச் சேட்டும் அவன் பங்குக் காசில் தைத்தவை. முப்பது வருடத்தில் ஒருநாளும் அதை அவன் வாயால் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. எஞ்சின் காசை மட்டும் நான் அவன் மனைவிக்கு முன்னால் சொன்னேன்.

விடியக் கரைக்குப் போனேன். மாசி முடிந்து கடல் அடங்கியிருந்த நேரம். படகு கரை தட்டியிருந்தது, வலையை மணலில் விரித்து இரண்டு பெடியன்கள் சூடை கழற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி எஞ்சினைக் கழற்றித் தடியில் கட்டிக்கொண்டிருந்தான், வீட்டுக்குக் கொண்டுபோக. என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசிப் பழகிக்கொண்டு போனதெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே, "மற்றப் பக்கம் பிடி" என்றான். பிடித்தேன். எந்த எஞ்சினுக்காகச் சண்டையோ, அதே எஞ்சினை ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்துக்கொண்டு அவன் வீடுவரை நடந்தோம். பெற்றோல் என் சேட்டில் ஊற்றி நாறியது. படலையடியில் இறக்கி வைத்த பிறகுதான், "நீ படிப்பை விட்டது எனக்காக. அதை நான் ஒருநாளும் சொல்லேல்லை" என்றேன். "இப்ப என்னத்துக்கு அதெல்லாம்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டான். திரும்பும்போது மச்சாள் ஒரு பையில் சூடை தந்தா.

எஞ்சின் காசு இன்றுவரை வரவில்லை. நானும் கேட்கவில்லை. தம்பியும் நானும் அதற்குப் பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தோம் என்றும் இல்லை. பேசுகிறோம். அவன் மகளின் கலியாணத்தில் நான் முன்னால் நின்றேன். இப்படி அரைகுறையாக முடிவதுதான் அநேகமாக நடப்பது.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது இது என்று நினைக்கிறேன். ஒரு இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு கொப்பித் தாளில், அண்ணருக்கு என்மேல் என்ன குறை என்று எழுதுங்கள். அவர் வாயால் சொல்வது போல எழுதுங்கள். "ஆனா" என்ற சொல் அந்தத் தாளில் வரக்கூடாது. பழைய வங்கிப் புத்தகத்தைத் தேடுங்கள். எந்த வருடம் எவ்வளவு வந்தது, ஓட்டுக்கு எவ்வளவு, அறைகளுக்கு எவ்வளவு என்று முடிந்தவரை கணக்குப் போடுங்கள். "அம்மாவுக்குக் குடுத்தது" என்கிறீர்கள். சரி. அம்மா இருக்கும் வீட்டுக்கு ஓடு போடுகிறோம் என்றுதான் ஒரு பிள்ளை வெயிலில் நின்று அனுப்பியிருக்கும். அதே ஓட்டின் கீழ் இன்று இருப்பது நீங்கள். எங்கள் கிழக்கு மாகாண வழக்கப்படி வீடு பெண் பிள்ளைக்குத்தான், அம்மா செய்தது ஊர் வழக்கம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நன்கொடை உறுதியும் ஒழுங்காக இருக்கும். சட்டம் உங்கள் பக்கம் நிற்பதால்தான் உங்களுக்கு இது இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லை.

கணவரோடு முதலில் பேசுங்கள். இது அவருடைய வீடும்தான், அவருக்குத் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு சண்டையை முடிக்கப்போய் இன்னொன்றைத் தொடங்குவீர்கள். பிறகு தனியாகப் போங்கள். மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. கோயில் வளவில் வேண்டாம், கலியாண வீட்டில் வேண்டாம். வட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜ் போடவே வேண்டாம், அது பத்துப் பேர் காதுக்குப் போகும். போய் நீண்ட பிரசங்கம் செய்யாதீர்கள். "அண்ணா, இந்த வீட்டில உங்கட உழைப்பு இருக்கு. அதை நான் ஒருநாளும் ஆருக்கும் முன்னால சொல்லேல்லை. அது என்ர பிழை. அதுக்கு என்ன செய்யலாமெண்டு கதைக்க வந்தனான்." இவ்வளவு போதும். நீங்கள் என்னைக் கள்ளி என்று சொன்னீர்கள்தானே என்ற கதை அன்றைக்கு வாயில் வரக்கூடாது. அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.

என்ன கொடுப்பது? சகேயு (லூக்கா 19) அழுது மன்னிப்புக் கேட்டதாக அங்கே எழுதியில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்று எழுந்து நின்று கணக்குச் சொன்னார். நீங்கள் அநியாயமாக வாங்கவில்லை, நாலத்தனை தேவையில்லை. வளவில் ஒரு துண்டா, மாதம் மாதம் ஒரு தொகையா, அண்ணரின் பிள்ளை ஒன்றின் படிப்பா, அதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். பேசியதை நொத்தாரிசு மூலம் எழுத்தில் வையுங்கள். அண்ணன் தங்கைக்குள் எழுத்தா என்று யாராவது கேட்டால், எழுதாததால்தான் இவ்வளவும் என்று சொல்லுங்கள்.

சுவாமியைக் கூட்டிக்கொண்டு போய்த் தீர்ப்புச் சொல்லவைக்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரலாம். லூக்கா 12இல் ஒருவன் ஆண்டவரிடமே வந்து, ஆஸ்தியைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்கிறான். என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டு மறுத்துவிட்டார். அவரே எடுக்காத வேலையைப் பங்குச் சுவாமியின் தலையில் கட்டவேண்டாம். நடுவில் ஆள் தேவை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. ஊரில் மதிப்புள்ள ஆட்கள் தொண்டாக இருந்து கேட்பார்கள். சட்டத்தரணிமார் வந்து வாதாடுவதில்லை. இணக்கம் வந்தால் எழுத்தில் தருவார்கள். வழக்கு என்று நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் காலம்வரை இழுபடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் பக்கத்துக் காயம். அதை நான் மறக்கவில்லை. மத்தேயு 18இல் மன்னிக்காத ஊழியனின் உவமையில் இரண்டு கடன் வருகிறது. அரசனுக்கு அவன் கொடுக்கவேண்டியது பதினாயிரம் தாலந்து. அவனுக்கு அவன் தோழன் கொடுக்கவேண்டியது நூறு தெனாரியம். பிரசங்கங்களில் அந்த நூறு தெனாரியத்தை அற்பக் காசு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. இன்று மேசனுக்குக் கையுதவிக்குப் போகிறவருக்கு நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் நூறு நாளுக்கு 3 இலட்சம். அது சின்னக் காசா? சுவிசேஷம் உங்கள் காயத்தைச் சின்னது என்று சொல்லவில்லை. மூன்று இலட்சம் பெறுமதியான காயம்தான் என்று ஒப்புக்கொண்டுதான் விடச் சொல்கிறது. (ஒரு தாலந்து 6,000 தெனாரியம். பதினாயிரம் தாலந்து எத்தனை நாள் கூலி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் கல்குலேட்டர் கேட்டார்கள்.) ஆனால் ஒழுங்கு முக்கியம். உங்கள் கணக்கை முதலில் தீர்த்துப் பாருங்கள், அவர் கணக்கை விடுவது பாதி இலேசாகிவிடும். என் அனுபவம் அது. ஓட்டை மறைத்துக்கொண்டு "கள்ளி"யை மன்னிக்கப் பார்த்ததால்தான் உங்களுக்கு ஏலாமல் கிடந்தது என்று சந்தேகப்படுகிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆதியாகமம் 33இல் யாக்கோபும் ஏசாவும் இருபது வருடத்துக்குப் பிறகு சந்திக்கிறார்கள். ஏசா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறான், இருவரும் அழுகிறார்கள். அந்த இடத்தோடு நாங்கள் பைபிளை மூடிவிடுகிறோம். அடுத்த சில வசனங்களில், வா ஒன்றாகப் போவோம் என்று ஏசா கூப்பிட, பிள்ளைகள் சின்னது, ஆடு மாடு மெதுவாகத்தான் நடக்கும், நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்று யாக்கோபு சாட்டுச் சொல்கிறான். ஏசா சேயீருக்குப் போகிறான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். ஒப்புரவாகினார்கள். ஒரே முற்றத்தில் குடியிருக்கவில்லை. தகப்பனை அடக்கம் செய்ய இருவரும் சேர்ந்து வந்தார்கள் (ஆதியாகமம் 35:29). சில குடும்பங்களுக்கு அவ்வளவு போதும்.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது காணிச் சண்டைக்கும் வாய்ச் சண்டைக்கும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் இந்த வசனத்தை நீட்டி, நீ போய் ஒப்புரவாகு என்று திருப்பி அனுப்புவது பாவம். எங்கள் ஆட்களே அதைச் செய்திருக்கிறார்கள், நானும் ஒருமுறை அப்படி ஒரு பிள்ளைக்குப் புத்தி சொன்னேன், இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது, நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. முதலில் பாதுகாப்பு. மன்னிப்பெல்லாம் தூரத்தில் இருந்துகொண்டே செய்யலாம்.

மாமியைப் பற்றி நீங்கள் எழுதியதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பொங்கல் தருகிறா, சாப்பிடலாமா. கோணேசர் கோயிலுக்குக் கூப்பிடுகிறா, போகலாமா. பொங்கலை வாங்கிச் சாப்பிடுங்கள். விருந்துக்கு அழைத்தவர் முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடுங்கள் என்று பவுல் 1 கொரிந்தியர் 10இல் சொல்வது உங்கள் மாமியின் குசினிக்கும் சேர்த்துத்தான். ஆனால் அதே பவுல் அதே இடத்தில் மற்றவரின் மனச்சாட்சியையும் பார்க்கச் சொல்கிறார். கோணேசர் கோயில் பூசையில் கலந்துகொள்ள உங்கள் மனம் விடாவிட்டால், "மாமி, நான் வெளியில நிக்கிறன், நீங்க கும்பிட்டிட்டு வாங்கோ" என்று நேரே சொல்லுங்கள். தலையிடி என்று பொய் சொல்லவேண்டாம். கோயில் இருக்கிற பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களுக்குப் பக்கத்தில் நின்று காற்று வாங்குவது நல்ல காரியம்தான்.

அங்கே நிற்கும்போது அந்தச் சுவர்களையும் பாருங்கள். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அந்தக் கோயிலை இடித்தார். அதன் கற்களை எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது புதைந்திருந்த விக்கிரகங்கள் வெளியே வந்தன. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. உங்கள் மாமியின் வயதில் உள்ளவர்களுக்கு அது பாடப்புத்தகச் சரித்திரம் இல்லை, வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்ட கதை. நீங்களும் நானும் போர்த்துக்கேயர் இல்லை. ஆனால் சிலுவையை முன்னால் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் செய்தது அது, நாங்கள் கழுத்தில் போட்டிருப்பதும் சிலுவை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை" என்பதை நான் கோட்டைக்குள் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மாமி கோணேசரைப் பற்றிப் பேசினால் உங்கள் விசுவாசத்தை நிரூபிக்க அவசரப்படாமல் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருங்கள்.

செபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணரின் மனம் மாறவேண்டும் என்ற செபத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள். அவருக்குப் பிரசர் இருக்கிறது, மூத்த பிள்ளைக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செபமாலையில் ஒரு காரணிக்கம், அந்தப் பத்து மணி, அந்தப் பிள்ளைக்காகச் சொல்லுங்கள். பேரைச் சொல்லிச் சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு வரியில், "அண்ணர் கதவைத் திறக்காட்டி?" என்று கேட்டிருந்தீர்கள். திறக்காமலும் விடலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18 தொடங்குகிறது, கூடாமலும் போகும் என்று தெரிந்துதான் பவுல் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் சொல்லவந்ததை நாலு வரியில் எழுதி, போட்ட கணக்கையும் அதோடு வைத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். கிழமைநாளில், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போங்கள், அவர் வேலையால் வந்து குளித்துத் தேத்தண்ணி குடித்திருப்பார். வெறுங்கையோடு போகவேண்டாம். அம்மா சுடுகிற மாதிரிப் பயற்றம் பணியாரம் உங்களுக்கு வரும் என்றால் அதைச் சுட்டுக்கொண்டு போங்கள்.